கண்டக்டர் ‘ரைட்’ சொன்னாரா?

எபிசோடின் ஒலிவடிவத்தை லேசாகச் சுருக்கி, திருத்தி, இங்கே எழுத்தாகத் தருகிறோம்.



பஸ்ல இருக்கிறவங்க ஒரு நிமிஷம் கவனிங்க. ஸ்டாப்புல வண்டி நிக்குது, ஆளுங்க ஏறுறாங்க. டிரைவர் முன்னாடி உட்கார்ந்திருக்கார். பின் படிக்கட்டுல யார் ஒரு காலை வெச்சு ஏறிட்டிருக்காங்கன்னு அவருக்கு முழுசாத் தெரியாது. கண்டக்டர் விசில் அடிக்கணும், இல்ல ‘ரைட் ரைட்’னு சொல்லணும். அப்புறம்தான் வண்டி நகரும். அந்தச் சத்தம் வராம வண்டியை எடுத்தா யாராவது ஒருத்தர் கீழ விழுவார்.

நான் ஒரு தடவை அப்படி எடுத்துட்டேன். 888 பேர் விழுந்தாங்க. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். அதோட சேர்த்து, சர்வர்களுக்கு நடுவுல ஃபைலும் மெயிலும் எப்படிக் கைமாறுதுங்கிற விஷயத்தையும் பேசலாம். ரெண்டும் ஒரே கதைதான்.

முருகனா, முருகேசனா?

காலேஜ் முடிச்சு முதல் வேலை. சென்னையில ஒரு சின்ன கம்பெனி, பேர் வேண்டாம். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவங்களோட சம்பளக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கிறதுதான் அவங்க தொழில். ஒவ்வொரு மாசமும் ஆறாம் தேதி ராத்திரி, ஆள் எடுக்கிற நிறுவனத்தோட சர்வர்ல இருந்து எங்க சர்வருக்கு எஃப்டிபி வழியா ஒரு ஃபைல் வரும். ஒரு ஆளுக்கு ஒரு வரி: பேர், அக்கவுன்ட் நம்பர், தொகை. மொத்தம் 1,900 பேர்.

அந்த ஃபைலை எடுத்து பேங்குக்கு அனுப்புற ஸ்கிரிப்டை எழுதினது நான். நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபோல்டரை எட்டிப் பார்க்கும். ஃபைல் இருந்தா எடுத்து அனுப்பிடும். அவ்வளவுதான். பதினஞ்சு வரி கோட். ரொம்பப் பெருமையா இருந்துச்சு.

ஏழெட்டு மாசம் ஒழுங்கா ஓடுச்சு. ஒரு மாசம் அந்த ராத்திரி நெட் ரொம்ப மந்தம். ஃபைல் பாதி வந்துட்டிருக்கும்போதே என் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்துச்சு. ஃபைல் இருக்கு. எடுத்துச்சு. அனுப்பிடுச்சு.

மறுநாள் காலையில நான் அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். பேர்கள் இங்கிலீஷ் அகரவரிசையில இருக்கும். கடைசி வரியில எம், யு, ஆர், யு, அதோட நிக்குது. முருகனா, முருகேசனா, தெரியாது. அந்த ஆளுக்கும், அவருக்குப் பின்னாடி வரிசையில இருந்த எல்லாருக்கும் சம்பளம் போகலை. ராஜா, ராணி, சரஸ்வதி, செல்வி, சுந்தரம், வள்ளி, வேலு… நம்ம ஊர்ப் பேர்கள்ல பாதி அந்தப் பக்கம்தான் இருக்கு.

எங்க ஆபீஸ்ல தரை துடைக்கிற செல்வி அக்காவும் அந்த லிஸ்ட்டுல இருந்தாங்க. பதினோரு மணிக்கு என் டேபிள் பக்கத்துல வந்து நின்னாங்க. “தம்பி, எனக்கு இன்னும் பணம் ஏறலையே. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே சொன்னேன்: “சர்வர் பிராப்ளம் அக்கா.”

அந்தப் பதிலுக்குக் கடைசியில திரும்ப வர்றேன்.

ரெண்டு குழாய்

முதல்ல எஃப்டிபி. இதுக்கு ஒரு இந்தியத் தொடர்பு உண்டு. 1971 ஏப்ரல்ல வந்த ஆர்எஃப்சி 114 தான் கோப்புப் பரிமாற்றத்துக்கான முதல் வரைவு. எழுதினவர் அபய் பூஷண். அலகாபாத்ல பிறந்து, கான்பூர் ஐஐடியோட முதல் பேட்ச்ல படிச்சு, எம்ஐடிக்குப் போனவர். இன்னைக்கு எல்லாரும் எஃப்டிபின்னு சொல்ற வடிவத்தை 1985ல ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் ஆர்எஃப்சி 959ஆ எழுதினாங்க.

எஃப்டிபில விசித்திரமான ஒரு அமைப்பு இருக்கு. ரெண்டு குழாய். ஒண்ணு பேசுறதுக்கு, இன்னொண்ணு பொருள் போறதுக்கு. பேசுற குழாய் 21ஆம் போர்ட்ல இருக்கும். “இந்த ஃபைலை அனுப்பப் போறேன்”னு அதுல சொல்லணும். சர்வர் 150ன்னு ஒரு எண்ணைப் பதிலா அனுப்பும். அதாவது, “சரி, அந்தக் குழாயைத் திறக்கிறேன், அனுப்பு.” அப்புறம் ரெண்டாவது குழாய்ல ஃபைல் போகும்.

இப்ப கேள்வி: ஃபைல் முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்? வழக்கமா ஓடுற முறையில, அனுப்புறவர் அந்தக் குழாயை மூடிடுவார். மூடினா முடிஞ்சதுன்னு அர்த்தம். ஆனா நடுவுல இணைப்பு அறுந்தாலும் குழாய் மூடத்தானே செய்யும்? பொருள் போற குழாயை மட்டும் பார்த்துட்டிருக்கிறவருக்கு, முடிஞ்சதுக்கும் அறுந்ததுக்கும் வித்தியாசம் சரியாத் தெரியாது.

அதனாலதான் பேசுற குழாய் தனியா இருக்கு. முழுசா வந்து சேர்ந்தா அதுல 226 வரும். நடுவுல அறுந்தா 426 வரும். அந்த 226 தான் கண்டக்டரோட ‘ரைட்’.

என் ஸ்கிரிப்ட் எந்தக் குழாயையும் கேட்கலை. ஃபோல்டரை மட்டும் எட்டிப் பார்த்துச்சு. படிக்கட்டுல ஒரு கால் தெரிஞ்சதும் வண்டியை எடுத்துடுச்சு. எஃப்டிபி மேல ஒரு தப்பும் இல்லை. அதுகிட்டக் கேட்க வேண்டியதை நான் கேட்கலை.

இதுக்கான தீர்வு இந்தத் துறையில ரொம்பப் பழசு. அனுப்புறவர் ஃபைலை முதல்ல ஒரு தற்காலிகப் பேர்ல ஏத்தணும். 226 வந்த பிறகு அதை உண்மையான பேருக்கு மாத்தணும். பேர் மாத்துறதுக்குன்னே எஃப்டிபில ரெண்டு கட்டளை இருக்கு. ஒரே ஃபோல்டருக்குள்ள பேர் மாத்துறது ஒரே நொடியில முடியுற வேலை, அதுல பாதின்னு ஒண்ணு கிடையாது. எட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்ட் உண்மையான பேரை மட்டும் தேடணும். கூடவே, ஃபைலோட கடைசி வரியில ‘மொத்தம் 1,900 பேர், மொத்தத் தொகை இவ்வளவு’ன்னு இருக்கணும். அந்தக் கடைசி வரி இல்லைன்னா ஃபைலைத் தொடவே கூடாது.

நீங்க கேட்கலாம், இப்பல்லாம் யாருப்பா எஃப்டிபி யூஸ் பண்றான்னு. நியாயம்தான். அதுல பாஸ்வேர்டு திறந்த கடுதாசி மாதிரி அப்படியே போகும், வழியில யார் வேணா படிக்கலாம். 2021ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுமே அதைத் தூக்கிட்டாங்க. இப்ப நிறைய இடத்துல எஸ்எஃப்டிபி. பேர்தான் கிட்டத்தட்ட ஒண்ணு, அடியில ஓடுறது எஸ்எஸ்ஹெச், முழுக்கப் பூட்டின வழி. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. பூட்டு போட்டா திருடன் வரமாட்டான், பாதி ஃபைல் வரும். எஸ்எஃப்டிபியா இருந்தாலும் அந்தப் பேர் மாத்துற பழக்கம் வேணும்.

மெயில் எப்படிக் கைமாறுது

இப்ப மெயிலுக்கு வரலாம். ஆரம்பத்துல மெயில் எஃப்டிபியோட குடித்தனம்தான் பண்ணிட்டிருந்துச்சு. 1972ல எஃப்டிபிக்குள்ளேயே மெயிலுக்கு ரெண்டு கட்டளை சேர்த்தாங்க. ஒரு கடுதாசியும் ஒரு ஃபைல்தானே! பத்து வருஷம் கழிச்சு, 1982 ஆகஸ்ட்ல, அதே ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 எழுதினார். அதுதான் எஸ்எம்டிபி. மெயில் தனிக்குடித்தனம் போச்சு. ஆனா பிறந்த வீட்டுப் பழக்கம் விடலை. மூணு இலக்க எண்ல பதில் சொல்ற வழக்கம் அப்படியே இருக்கு.

ரெண்டு சர்வர் பேசிக்கிறதை ஒட்டுக் கேட்கலாமா? நான் தமிழ்ல சொல்றேன்.

பெறுகிற சர்வர் முதல்ல பேசும்: “220. தயார்.”

அனுப்புற சர்வர்: “ஹெலோ, நான் இன்னார்.”

“250. சரி.”

“இன்னார்கிட்ட இருந்து ஒரு மெயில்.”

“250.”

“இன்னாருக்கு.”

“250.” அப்படி யாரும் அங்க இல்லைன்னா, “550.”

“இதோ உள்ளடக்கம் தரப்போறேன்.”

“354. கொடு. முடிச்சதும் ஒரு வரியில வெறும் புள்ளி மட்டும் வை.”

மெயில் முழுக்கப் போகும். கடைசியில தனி வரியில ஒரு புள்ளி. அப்புறம் ஒரு சின்ன மௌனம். “250.”

அவ்வளவுதான். உலகத்துல மெயில் சர்வருங்க இப்படித்தான் பேசிக்குது.

ஒரு குறும்புக் கேள்வி: நம்ம மெயிலுக்குள்ளேயே ஒரு வரியில வெறும் புள்ளி இருந்தா? முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதா? அதுக்கும் யோசிச்சு வெச்சிருக்காங்க. புள்ளியில ஆரம்பிக்கிற வரிக்கு முன்னாடி அனுப்புறவர் இன்னொரு புள்ளி சேர்ப்பார், வாங்குறவர் அதை எடுத்துடுவார். முடிஞ்சதுங்கிற அடையாளம் உள்ள இருக்கிற எதோடும் குழம்பக் கூடாது. என் சம்பள ஃபைல்ல இல்லாதது இதுதான்.

இந்த எண்கள்ல முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தாலே போதும். 2ல ஆரம்பிச்சா, ஆச்சு. 3ல ஆரம்பிச்சா, மிச்சத்தையும் கொடு. 4ல ஆரம்பிச்சா, “வீட்ல ஆள் இல்லை, அப்புறம் வாங்க.” 5ல ஆரம்பிச்சா, “அப்படி யாரும் இந்த வீட்ல இல்லை, திரும்ப வராதீங்க.”

4 வந்தா அனுப்புற சர்வர் மெயிலைத் தன்கிட்டயே வெச்சுக்கிட்டு மறுபடி போய்க் கதவைத் தட்டணும். குறைஞ்சது அரை மணி நேரம் இடைவெளி விட்டு, நாலஞ்சு நாளாவது முயற்சி பண்ணணும்னு 2008ல வந்த ஆர்எஃப்சி 5321 சொல்லுது. வாங்குற சர்வர் ரெண்டு நாள் கரண்ட் இல்லாம கிடந்தாலும், மெயில் அனுப்பின பக்கத்துல பத்திரமாக் காத்திருக்கும்.

250ன்னா என்ன அர்த்தம்?

இப்ப இந்த எபிசோடுக்கே காரணமான விஷயம்.

புள்ளிக்குப் பிறகு வருதே அந்த 250, அதை ‘கிடைச்சுது’ன்னு மட்டும் படிக்கக் கூடாது. அது ஒரு பொறுப்பேற்பு. “இனி இந்த மெயில் என் பாடு. கொண்டு சேர்ப்பேன். சேர்க்க முடியலைன்னா, முடியலைன்னு திருப்பிச் சொல்லுவேன்.” அந்த வார்த்தையைக் கொடுத்த பிறகு, மெஷின் விழுந்துடுச்சு, டிஸ்க் நிறைஞ்சிடுச்சுன்னு அற்பக் காரணம் சொல்லி மெயிலைத் தொலைக்கக் கூடாதுன்னு அந்த ஆவணம் கண்டிப்பாச் சொல்லுது. வாங்கினவர் டிஸ்க்ல எழுதி வெச்சிட்டுத்தான் 250 சொல்லணும். அனுப்பினவர் 250 கேட்ட பிறகுதான் தன் பிரதியை அழிக்கணும்.

இதனால எந்த நொடியில பார்த்தாலும் அந்த மெயிலுக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பு. யார் கையிலயும் இல்லாத நொடின்னு ஒண்ணு கிடையாது.

ஒரே ஒரு இக்கட்டு உண்டு. வாங்கினவர் 250 சொன்னார், அந்த பதில் வர்றதுக்குள்ள இணைப்பு அறுந்துடுச்சுன்னா? அனுப்பினவருக்கு வந்துச்சா இல்லையான்னு தெரியாது. அவர் என்ன செய்யணும்? மறுபடி அனுப்பணும். வாங்குறவர்கிட்ட ஒரே மெயில் ரெண்டா வரலாம், பரவாயில்லை. தொலையுறதை விட ரெண்டா வர்றது மேல். அவசரப்பட்டு ரெண்டாவது அனுப்பிடக் கூடாதுன்னுதான், அந்தப் புள்ளி வெச்ச பிறகு பதிலுக்குப் பத்து நிமிஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்றாங்க. எப்பவாவது உங்களுக்கு ஒரே மெயில் ரெண்டு தடவை வந்திருந்தா, திட்டாதீங்க. யாரோ ஒரு சர்வர் கடமை தவறாம இருந்திருக்கலாம்.

வாட்ஸாப் டிக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒத்தை டிக், சர்வர் வாங்கிக்கிச்சு. ரெட்டை டிக், அந்த போனுக்குப் போயிடுச்சு. எஸ்எம்டிபியோட 250 கிட்டத்தட்ட அந்த ஒத்தை டிக்தான். படிச்சாங்கன்னோ, ஸ்பாம்ல விழலைன்னோ அர்த்தம் இல்லை. அதுக்கு மேல அது வாக்குக் கொடுக்கவும் இல்லை.

250 சொல்லிட்டுக் கொண்டு சேர்க்க முடியலைன்னா, பெற்ற சர்வர் ‘பவுன்ஸ்’ மெயில் அனுப்பும். நாமெல்லாம் பார்த்திருப்போம், பயமுறுத்துற மாதிரி ஒரு இங்கிலீஷ் கடுதாசி. அதுல ஒரு அழகான ஏற்பாடு இருக்கு. அந்தக் கடுதாசியோட அனுப்புநர் முகவரி காலியா இருக்கும். ஏன்னா அதுவும் போய்ச் சேரலைன்னா, அதுக்கு ஒரு பவுன்ஸ், அந்த பவுன்ஸுக்கு ஒரு பவுன்ஸ்னு முடிவே இல்லாம சுத்தும். காலி முகவரிக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது, சங்கிலி அங்கேயே அறுந்துடும்.

நம்ம தமிழைப் பத்தி ஒரு வார்த்தை. 1982ல இந்த வழி இங்கிலீஷ் எழுத்தை மட்டும் மனசுல வெச்சுப் போட்டது. ஒரு எழுத்துக்கு ஏழு பிட் தான். தமிழ் அந்தக் குழாய்க்குள்ள நுழையாது. 1992ல வந்த மைம்ங்கிற ஏற்பாட்டுலதான் ஒரு வழி கிடைச்சுது. எதையும் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமா மாத்திக் கட்டி அனுப்பலாம். இன்னைக்கு யூனிகோடுல எழுதுற ‘அ’ அந்த முறையில போகும்போது நாலு எழுத்தா மாறும்: நாலு, பெரிய கே, ஆறு, பெரிய எஃப். அந்தப் பக்கம் போய் மறுபடி ‘அ’ ஆகும். பழைய ரோட்டைத் தோண்டாம புது வண்டி விட்ட கதை இது.

செல்வி அக்கா சொன்னது

சரி, திரும்பி வர்றேன்னு சொன்னேன்ல.

மிச்சம் 888 பேருக்கும் சம்பளம் மூணு நாள் கழிச்சுத்தான் ஏறுச்சு. புது ஃபைல், புது அனுமதி, நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை. அந்த மூணு நாளும் நாங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லலை. கேட்டவங்களுக்கு “சர்வர் பிராப்ளம்.” கேட்காதவங்களுக்கு அதுவும் இல்லை.

ரெண்டு வாரம் எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை. ஒரு நாள் சாயந்திரம் டீ குடிக்கிற இடத்துல செல்வி அக்காகிட்டச் சொல்லிட்டேன். “அக்கா, அன்னைக்குச் சர்வர் பிராப்ளம் இல்லை. நான் எழுதினதுல தப்பு.”

திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க டம்ளரைக் கீழ வெச்சுட்டு நிதானமாக் கேட்டாங்க: “மூணு நாள்ல வந்துடும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா தம்பி?”

“தெரியும் அக்கா.”

“அதைச் சொல்லியிருக்கலாம்ல? எப்ப வரும்னே தெரியாம, சீட்டுப் பணம் கட்டறதுக்குப் பத்து வட்டிக்கு ரெண்டாயிரம் வாங்கினேன். மூணு நாள்னு தெரிஞ்சிருந்தா சீட்டு நடத்துறவங்ககிட்டயே தவணை கேட்டிருப்பேன். தப்பு யார் வேணா பண்ணுவாங்க. சொல்றதுக்கு என்ன?”

எனக்குப் பதில் இல்லை. இந்த ஆர்எஃப்சி எல்லாம் நான் உட்கார்ந்து படிச்சது அதுக்கப்புறம்தான். படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துலயும் அவங்க குரல் கேட்டுச்சு. கொண்டு சேர்க்க முடியலையா, சொல்லு. இப்ப முடியாதா, 4 சொல்லு, அவங்க காத்திருப்பாங்க. எப்பவுமே முடியாதா, 5 சொல்லு, அவங்க வேற வழி பார்ப்பாங்க. மௌனத்துக்கு மட்டும் அதுல ஒரு எண்ணும் ஒதுக்கலை.

அன்னைக்கு நான் ரெண்டு தப்பு பண்ணேன். ‘ரைட்’ கேட்காம வண்டியை எடுத்தது முதல் தப்பு. அதைப் பேர் மாத்துற ரெண்டு வரி கோட்ல சரி பண்ணிட்டேன். விழுந்தவங்ககிட்டச் சொல்லாம விட்டது ரெண்டாவது. அதுக்கு கோட் கிடையாது. அதனால இப்ப நான் வேலை பார்க்கிற இடத்துல, சம்பளம் தள்ளிப் போனா பாதிக்கப்படுறவங்க போனுக்குத் தமிழ்ல ஒரு மெசேஜ் போகும்: உங்க சம்பளம் தாமதம், இந்தத் தேதிக்குள்ள வரும். நான் எழுதினதுலயே ரொம்பச் சின்ன ப்ரோகிராம் அதுதான்.

கோட் எழுதுறவங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்க லேப்டாப்லயே ஒரு டெஸ்ட் மெயில் சர்வரைப் போட்டு, டெர்மினல்ல கையாலயே அந்த உரையாடலை டைப் பண்ணிப் பாருங்க. ஹெலோ சொல்லுங்க, மெயில் கொடுங்க, புள்ளி வைங்க. அந்தச் சின்ன மௌனத்துக்கு அப்புறம் 250 வரும்போது, அது என்ன வாக்குன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

கோட் எழுதாதவங்களுக்கும் ஒண்ணு. யாராவது உங்ககிட்ட ஒரு வேலையைக் கொடுத்து, நீங்க ‘ஓகே’ன்னு சொல்லிட்டு, முடியாமப் போய்க் கிடக்குதா? இன்னைக்கே அவங்களுக்கு ஒரு பவுன்ஸ் அனுப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். ரைட் ரைட்.